எங்கள் பதிவேட்டில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம் வேண்டும்

எச்.ஐ.வி. சிகிச்சைக்கான நெறிமுறைகளை வகுக்கும் வல்லுநர்களுக்கும், கூட்டு மருந்து மையங்களை நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவள். வைரஸை அடக்கும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) எடுக்கத் தொடங்கி 19 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் கடைசி 11 ஆண்டுகளாக ஒரு கூட்டு மருந்து மையத்தில் ஆற்றுப்படுத்துநராகவும் வேலை பார்க்கிறேன். மருந்து வாங்கும் வரிசையிலும் நின்றிருக்கிறேன், அந்த வரிசைக்கு எதிரே இருக்கும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால், இரண்டு பக்கத்திலிருந்தும் பேசும் உரிமை எனக்கு உண்டு என்று நம்பி இதை எழுதுகிறேன். என்னை எழுத வைத்தது ஒரு கையெழுத்து.

எங்கள் மையத்தில் மருந்து வாங்குபவர்கள் பதிவேட்டில் தங்கள் பெயருக்கு நேரே கையெழுத்திட வேண்டும். பல ஆண்டுகளாகத் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்த ஒருவர், வயது 48, ஒரு நாள் காலை என் எதிரே வந்து உட்கார்ந்தார். எப்போதும்போல மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினேன், கணக்கு சரியாக இருந்தது. அவருடைய வைரஸ் அளவு நான்கு ஆண்டுகளாகக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தே இருந்தது. பேனாவை நீட்டினேன். அதைப் பிடிப்பதற்கு அவர் இரண்டு முறை முயன்றார். பெயரின் முதல் எழுத்து ஒழுங்காக விழுந்தது. அடுத்த எழுத்துகள் கட்டத்தைத் தாண்டிக் கீழே சரிந்து, அடுத்தவருடைய பெயரின் மேல் ஏறிவிட்டன. "காலையில எழுந்ததுலேருந்து கை மரத்துப்போன மாதிரி இருக்கு மேடம்" என்றார். சொற்கள் லேசாகக் குழறின. ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று கூறி, முப்பது பேர் காத்திருந்த வரிசைக்கு அவரை அனுப்பிவிட்டேன். தன் முறை வருவதற்கு முன்பே, கை சற்றுத் தேறிவிட்டது என்று அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அன்று மாலை குளியலறையில் விழுந்தார். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தபோது, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடக்கூடிய நேரம் கடந்துவிட்டிருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையும் காலும் செயலிழந்தன. சேர்க்கப்பட்ட நேரத்தில் அவருடைய ரத்த அழுத்தம் 190/110 இருந்ததாக அங்கே கொடுத்த குறிப்பில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அவருடைய சிகிச்சைப் புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். எடை இருந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களைக் கணக்கிடும் சி.டி.4 எண்ணிக்கை இருந்தது. வைரஸ் அளவு, மாத்திரை எண்ணிக்கை, காசநோய்க்கான நான்கு கேள்விகளின் பதில்கள் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. ரத்த அழுத்தம் எங்குமே இல்லை. அதை எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை.

என் தவற்றை மறைக்க இதை நான் எழுதவில்லை. ஒருவருடைய கை திடீரென்று மரத்து, பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம் என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அளிக்கப்பட்ட எந்தப் பயிற்சியிலும் அது சொல்லித்தரப்படவில்லை. மருந்தைத் தவறவிடாமல் எடுக்கச் செய்வது, காசநோயைக் கண்டுபிடிப்பது, துணைவருக்குப் பரிசோதனை செய்யச் சொல்வது, ஆணுறை பற்றிப் பேசுவது ஆகியவற்றையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதயத்தைப் பற்றியும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களைப் பற்றியும் எங்கள் பயிற்சி நூலில் ஒரு பக்கம்கூட இல்லை. அந்த நூலை எழுதுபவர்கள் நீங்கள் என்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

இது ஒரே ஒருவருக்கு நேர்ந்த விபத்து அல்ல என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். உலகில் சுமார் 4 கோடிப் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள், அவர்களில் 3 கோடிக்கும் மேற்பட்டோர் சிகிச்சையில் இருக்கிறார்கள். 1996-ல் கூட்டு மருந்து முறை வந்த பிறகு, மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் முதுமை வரை வாழ முடிகிறது. அப்படி வாழ்பவர்களை இப்போது மாரடைப்பும் பக்கவாதமும் பிடிக்கின்றன. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 82,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், புகைபிடித்தல், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்களையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மாரடைப்பு சுமார் 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வைரஸ் நன்றாக அடங்கியிருந்தவர்களிடமும் அந்தக் கூடுதல் மறையவில்லை. என் எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த வகையைச் சேர்ந்தவர்.

பக்கவாதத்தைப் பொறுத்தவரை எனக்கு மறக்க முடியாத கணக்கு ஒன்று உண்டு. 1997 முதல் 2006 வரையிலான பத்தாண்டுகளில் அமெரிக்க மருத்துவமனைகளில் பக்கவாதத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்களின் மொத்த எண்ணிக்கை 7 விழுக்காடு குறைந்தது. அதே பத்தாண்டுகளில், சேர்க்கப்பட்டவர்களுள் எச்.ஐ.வி. உள்ளவர்களின் எண்ணிக்கை 60 விழுக்காடு கூடியது. ஊரெல்லாம் வெள்ளம் வடிந்துகொண்டிருக்க, எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் ஏறியதுபோல. அந்தக் காலத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் எண்ணிக்கையே பெருகியிருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்தான். உயிரோடு இருப்பவர்களின் தொகை கூடினால் நோய்களின் தொகையும் கூடும். ஆனால் அதைக் காரணம் காட்டி இதைக் கடந்துபோக முடியாது.

ஏன் இப்படி நேர்கிறது என்று நோயாளிகள் என்னிடம் கேட்கும்போது, நான் புரிந்துகொண்ட அளவில் இப்படிச் சொல்கிறேன். தொற்று ஏற்பட்ட முதல் வாரங்களிலேயே எச்.ஐ.வி. குடலின் சுவரில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பெருமளவில் அழித்துவிடுகிறது. அந்தச் சேதம் சிகிச்சைக்குப் பிறகும் முழுவதுமாகச் சீராவதில்லை. பழுதான அந்தச் சுவர் வழியே குடல் பாக்டீரியாக்களின் துகள்கள் சிறிது சிறிதாக ரத்தத்தில் கசிகின்றன, உடலின் எதிர்ப்பு மண்டலம் எந்நேரமும் விழித்தபடியே இருக்கிறது. அணைந்த அடுப்பில் சாம்பலுக்கடியில் தணல் கனன்றுகொண்டிருப்பதைப்போல, வைரஸ் அடங்கிய பிறகும் அந்த அழற்சி அடங்குவதில்லை. ரத்தக்குழாயின் உட்புறச் சவ்வு அந்தச் சூட்டிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. கொழுப்பு அங்கே எளிதில் படிகிறது. அந்தப் படிவுகளில் பல, சுண்ணம் ஏறாத மென்மையான படிவுகள். அவை வெடித்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்துவிடும். அந்த உறைகட்டி இதயத்துக்குப் போகும் குழாயை அடைத்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம்.

இதோடு வழக்கமான காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. எங்களில் புகைபிடிப்பவர்களின் விகிதம் பல நாடுகளில் பொதுமக்களைவிட அதிகம். டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது: தரமான சிகிச்சை கிடைக்கும் அந்த நாட்டில், எச்.ஐ.வி. உள்ள ஒருவர் எச்.ஐ.வி.யால் இழக்கும் ஆயுளைவிடப் புகைபிடிப்பதால் இழக்கும் ஆயுள் இரு மடங்குக்கும் அதிகம் என்று அது கண்டது. இதைப் படித்த நாளில் எனக்கு என் மீதே கோபம் வந்தது. ஆயிரக்கணக்கான முறை மாத்திரைகளை எண்ணியிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்? பதிவேடு கேட்காத எதையும் நாங்களும் கேட்பதில்லை.

பக்கவாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பக்கவாதம் இரண்டு வேறு காலங்களில், இரண்டு வேறு வழிகளில் வருகிறது. முதலாவது, பல ஆண்டுகள் சிகிச்சையில் இருந்து, வயது ஏறி, ரத்தக்குழாய்கள் கெட்டிப்பட்ட பிறகு வருவது. நான் மேலே சொன்னவருக்கு வந்தது அது. இரண்டாவது, நோய் எதிர்ப்பு மிகவும் குறைந்த நிலையில், சிகிச்சை தொடங்கும் முன்போ, தொடங்கிய முதல் மாதங்களிலோ வருவது. மூளையுறைக் காசநோய், அக்கி அம்மை வைரஸ், சிபிலிஸ், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை ஆகியவை மூளையின் ரத்தக்குழாய்களில் வீக்கத்தை உண்டாக்கி அவற்றை அடைக்கக்கூடும். ரத்தம் உறையும் தன்மை மாறுவதாலும், இதயத்திலிருந்து கட்டி சென்று அடைப்பதாலும் அது வரலாம். மலாவியில் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வு, கூட்டு மருந்து தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் பக்கவாத ஆபத்து குறிப்பாக உயர்ந்திருப்பதைக் காட்டியது. அந்த மாதங்களில், அதுவரை சோர்ந்து கிடந்த எதிர்ப்பு சக்தி திடீரென்று விழித்தெழுந்து, மறைந்திருந்த கிருமிகளின் மீது பாய்கிறது. அந்தச் சண்டையில் ரத்தக்குழாயும் சேர்ந்து அடிபடக்கூடும்.

இந்த இரண்டு வகைகளையும் பிரித்துப் பார்க்காவிட்டால் சிகிச்சையே தவறிப்போகும். 30 வயதுக்காரர் ஒருவர் ஒரு பக்கம் செயலிழந்து வரும்போது, இள வயதில் எப்படியோ வந்துவிட்டது என்று எழுதி அனுப்புவதற்குப் பதிலாக, எச்.ஐ.வி. பரிசோதனையும் சிபிலிஸ் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். எச்.ஐ.வி. இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தால், தேவைப்படும் இடத்தில் முதுகுத் தண்டுவட நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். மூளையுறைக் காசநோயால் வந்த பக்கவாதத்துக்கு ஆஸ்பிரினை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், அந்த நோயாளி அடுத்த முறை திரும்பி வர மாட்டார். நரம்பியல் பிரிவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஆனால் நோயாளி முதலில் வந்து சேருவது நரம்பியல் பிரிவுக்கு அல்ல. எங்கள் மேசைக்கு, அல்லது இரவு நேரத்தில் அவசரப் பிரிவில் தனியாக நிற்கும் ஒரு பயிற்சி மருத்துவரிடம்.

அந்த அவசரப் பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எச்.ஐ.வி. இருக்கிறது என்பது மட்டுமே அந்த ஊசியை மறுக்கக் காரணம் ஆகாது. ஆனாலும், கோப்பின் மேலட்டையில் அந்த மூன்று எழுத்துகளைப் பார்த்ததும் கையுறை தேடப்படுவதையும், வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லப்படுவதையும், படுக்கை மாற்றப்படுவதையும் எங்களில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. அப்படியானால் அந்தத் தயக்கத்தின் விலை என்ன என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பாகுபாடு கூடாது என்ற சுற்றறிக்கைகள் பிரசவ அறைக்கும் அறுவை அரங்குக்கும் போயிருக்கின்றன. பக்கவாதப் பிரிவுக்கும் அது போக வேண்டும்.

மருந்துகளுக்கு வருகிறேன். ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மடலை என்னைப்போன்றவர்களும் படிப்பார்கள். இதயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துக் கூட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு விடை 2006-லேயே கிடைத்துவிட்டது. சுமார் 5,500 பேரை வைத்து நடத்தப்பட்ட ஸ்மார்ட் ஆய்வில், சி.டி.4 எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது மீண்டும் தொடங்கிப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களிடம் மரணம் மட்டும் கூடவில்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நோய்களும் கூடின. ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டுப்படுத்தப்படாத வைரஸ் ரத்தக்குழாய்க்கும் பெரிய எதிரி.

ஆனால், எந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். எச்.ஐ.வி.க்கான பழைய புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகளில் சில ரத்தக் கொழுப்பை உயர்த்தின. அபாகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் மாரடைப்பு கூடுதலாக இருப்பதை, எச்.ஐ.வி. மருந்துகளின் பக்க விளைவுகளைத் தொடர்ந்து கவனித்த டி.ஏ.டி. ஆய்வு 2008-ல் காட்டியது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதனோடு ஒத்துப்போகவில்லை என்றாலும், இதய நோய் ஆபத்து உள்ளவருக்கு வேறு மருந்து இருக்கும்போது அதைத் தவிர்ப்பதே நல்லது என்ற கருத்து வலுத்திருக்கிறது. இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் டோலுடெக்ராவிர் வைரஸை அடக்குவதில் சிறந்த மருந்து. நானும் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் அதைத் தொடங்கியவர்களில் பலருக்கு எடை ஏறுகிறது. எடையை எழுதும் கட்டம் எங்கள் புத்தகத்தில் இருப்பது எதற்காகத் தெரியுமா? எடை குறைகிறதா என்று பார்ப்பதற்காக. ஒருவர் ஓராண்டில் எட்டுக் கிலோ ஏறினால் நாங்கள் மகிழ்ந்து, உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று சொல்லி அனுப்புகிறோம். எலும்பும் தோலுமாக மனிதர்கள் வந்த காலத்தில் உருவான கட்டம் அது. காலம் மாறிவிட்டது, கட்டம் மாறவில்லை.

இதைவிட ஆபத்தானது, ஒருவருடைய இரண்டு மருந்துச் சீட்டுகள் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது. எங்களில் பலர் இதய மருத்துவரிடம் போகும்போது எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்வதில்லை. பயம்தான் காரணம், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் கலந்த கூட்டு மருந்து எடுப்பவருக்கு, விவரம் தெரியாமல் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் எழுதிக்கொடுத்தால், அது ரத்தத்தில் பன்மடங்கு தேங்கித் தசைகளைச் சிதைத்துச் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யலாம். அவை இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அதே கூட்டு மருந்தோடு, ரத்தக் கட்டியைத் தடுக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் போகக்கூடும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினின் அளவும் ரத்தத்தில் கூடும். டோலுடெக்ராவிர் எடுப்பவருக்குச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினின் அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இவற்றை நான் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இவை ஒரே பக்கத்தில் அச்சிடப்பட்டு மருந்து கொடுக்கும் சாளரத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டியவை. வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்ற ஒரு கேள்வியை மருந்தாளுநர் ஒவ்வொரு முறையும் கேட்டால், எத்தனையோ பேர் தப்புவார்கள்.

ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்துகள் பற்றிய செய்தி இந்த விஷயத்தில் கிடைத்த நல்ல செய்தி. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ரிப்ரீவ் என்ற ஆய்வு 2015-ல் தொடங்கியது. 12 நாடுகளில் 7,769 பேர் அதில் பங்கெடுத்தார்கள். அனைவரும் 40 முதல் 75 வயதுக்குட்பட்டவர்கள், கூட்டு மருந்து எடுப்பவர்கள். வழக்கமான கணக்கீட்டின்படி இவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைவு அல்லது மிதமானது. அதாவது, சாதாரணமாக எந்த மருத்துவரும் இவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டாடின் எழுதியிருக்க மாட்டார். பாதிப் பேருக்குத் தினமும் 4 மில்லிகிராம் பிட்டாவாஸ்டாடினும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். சராசரியாக ஐந்தாண்டுகள் கவனித்த நிலையில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் மருந்து எடுத்தவர்களிடம் 35 விழுக்காடு குறைந்திருந்தன. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள்.

பக்க விளைவு இல்லாமல் இல்லை. தசை வலியும் புதிதாகச் சர்க்கரை நோய் வருவதும், மருந்து எடுத்தவர்களிடம் சிறிதளவு கூடுதலாக இருந்தன. அதை மறைக்காமல் சொல்லி, ஒவ்வொருவருடனும் பேசித்தான் தொடங்க வேண்டும். 2024-ல் அமெரிக்க நெறிமுறைகள், 40 முதல் 75 வயதுக்குட்பட்ட எச்.ஐ.வி. உள்ளவர்களில் அடுத்த பத்தாண்டுகளில் இதய, ரத்தக்குழாய் நோய் வரும் ஆபத்து 5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு ஸ்டாடின் கொடுக்கப் பரிந்துரைத்துவிட்டன. இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பொதுமக்களுக்காக உருவாக்கப்பட்ட ஆபத்துக் கணக்கீடுகள் எங்களுடைய ஆபத்தைப் பல நேரங்களில் குறைத்தே காட்டுகின்றன, அதிலும் பெண்களுடைய ஆபத்தை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு, மற்றப் பெண்களோடு ஒப்பிடும்போது மாரடைப்பு ஆபத்து உயர்வது, ஆண்களுக்கு உயர்வதைவிடக் கூடுதல் என்று கண்ட ஆய்வுகள் உண்டு. ஆனால் நெஞ்சு எரிகிறது, தாடை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால், வாயுத் தொல்லை என்றும் மனக் கவலை என்றும் எழுதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. எங்களிடம் வரும் பெண்களில் பலர், வீட்டில் எல்லோருக்கும் பிறகே தங்கள் உடம்பைப் பற்றி நினைப்பவர்கள். நாம் கேட்காமல் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவையும் செய்ய ஆள் எங்கே, நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் மையத்தில் காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கிறது, அதை நீட்டிக்க நான் விரும்பவில்லை. ஆனால் காசநோய்க்கான நான்கு கேள்விகளை நினைத்துப் பாருங்கள்: இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைகிறதா, இரவில் வியர்க்கிறதா. இவற்றை ஒவ்வொரு வருகையிலும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும் என்று நீங்கள்தான் விதித்தீர்கள். அப்போதும் நேரம் இல்லை என்றுதான் நாங்கள் சொன்னோம். இன்று அந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஒருவரை அனுப்பினால் ஏதோ விட்டுப்போனதுபோல இருக்கிறது. அச்சிட்ட கட்டம் கையைப் பழக்கிவிடும். ரத்த அழுத்தம் பார்க்க மூன்று நிமிடம் போதும்; கருவியை ஒரு செவிலியரோ, பயிற்சி பெற்ற என்னைப்போன்ற ஒருவரோ கையாளலாம்.

எச்.ஐ.வி.யையும் ரத்த அழுத்தத்தையும் ஒரே இடத்தில் பார்த்தால் எச்.ஐ.வி. சிகிச்சையின் தரம் குறையும் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. உகாண்டாவிலும் தான்சானியாவிலும் 32 சுகாதார நிலையங்களில் நடத்தப்பட்ட இன்டே-ஆப்பிரிக்கா ஆய்வில், எச்.ஐ.வி., சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் மூன்றுக்கும் ஒரே இடத்தில், ஒரே ஊழியர்களைக் கொண்டு சிகிச்சை அளித்தார்கள். வைரஸ் அடங்கியவர்களின் விகிதம் 97 விழுக்காட்டிலேயே இருந்தது. தனித்தனியாகச் சிகிச்சை அளித்த நிலையங்களிலும் அதே அளவுதான். 2023-ல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகும், ரத்த அழுத்தம் எங்கள் வேலை இல்லை என்று ஒரு மையம் சொல்ல முடியுமா? ஐ.நா. பொதுச்சபை 2021 ஜூனில் நிறைவேற்றிய பிரகடனமும், எச்.ஐ.வி.யோடு தொற்றா நோய்களுக்கும் சேர்த்தே ஒருங்கிணைந்த சேவை 90 விழுக்காட்டினருக்கு 2025-க்குள் கிடைக்க வேண்டும் என்றுதான் உறுதி கூறியது. அந்தக் கெடு முடிந்துவிட்டது.

நான் கேட்பது மருத்துவமனை கட்டித்தரச் சொல்வது அல்ல. சிகிச்சைப் புத்தகத்திலும் பதிவேட்டிலும் ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம் அச்சிடுங்கள். அது 140/90-ஐத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதே பக்கத்தின் அடியில் எழுதுங்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் ஸ்டாடினையும் கூட்டு மருந்து கொடுக்கும் அதே சாளரத்திலேயே கொடுங்கள். அதற்காக எங்களை இன்னொரு வரிசைக்கு அனுப்பினால், அங்கே என்ன நோய் என்று கேட்பார்களோ என்று பயந்து பாதிப் பேர் போகவே மாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வழி செய்யுங்கள். வைரஸ் அளவுக்கு எப்படியும் ரத்தம் எடுக்கிறோம், அதே ஊசியில் இன்னொரு குப்பி எடுத்தால் போதும். புகையிலையை விடச் செய்வதற்கான பேச்சை எங்கள் பயிற்சியில் சேருங்கள். பக்கவாதத்தின் அறிகுறிகளை, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமல் தாழ்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றை, மையத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், வாயிற்காவலர் உட்பட, கற்றுக்கொடுங்கள். அவை சிறிது நேரத்தில் தாமாகவே சரியாகிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். கை தேறிவிட்டது என்றுதான் அவர் அன்று வீட்டுக்குப் போனார்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் மையத்து மருத்துவர் தன் சொந்தக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். பதிவேட்டில் கையெழுத்துக்கு நேரே அளவுகோலை வைத்து நான் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டேன். முதல் நாள் முற்பகலிலேயே, எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொன்ன ஒரு பெண்ணுக்கு 180/100 இருந்தது. கருவி பழுதோ என்று மூன்று முறை பார்த்தேன். அவருக்கு வயது 41. இப்போது அவர் மாத்திரை எடுக்கிறார், மாதா மாதம் என்னைப் பார்த்ததும் முதலில் சட்டைக் கையை மடிக்கிறார். ஒவ்வொரு பக்கமும் தீரும்போது அடுத்த பக்கத்தில் கோட்டை நான் மறுபடி இழுக்க வேண்டியிருக்கிறது. நான் விடுப்பில் இருக்கும் நாட்களில் யாரும் இழுப்பதில்லை. அந்த நாட்களில் வந்து போனவர்களுடைய ரத்த அழுத்தம் என்ன என்று யாருக்கும் தெரியாது.

கையெழுத்துச் சரிந்துபோனவர் ஏழு மாதங்கள் வரவில்லை. அவருடைய மனைவி வந்து மருந்து வாங்கிப் போனார். எட்டாவது மாதம் ஊன்றுகோலோடு தானே வந்தார். இடது கையால் எழுதப் பழகியிருந்தார். பெயரை எழுதி முடிக்க நேரம் பிடித்தது, பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு, பென்சில் கோட்டுக்கு அப்பால் இருந்த காலிக் கட்டத்தைக் காட்டி, "இதுல என்ன எழுதணும் மேடம்?" என்று கேட்டார். அளந்து, 134/84 என்று எழுதினேன்.

அடுத்த ஆண்டுக்கான பதிவேடு இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அறிகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கூட்டு மருந்து மையத்தின் ஆற்றுப்படுத்துநர்